நாற்பத்தேழாவது நிமிடம்

வெங்கடேஸ்வரி நடத்திய முதல் குக்கர் வழக்கு அரை மணி நேரத்தில் தோற்றுப்போனது. ராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டு என்று பன்னிரண்டு வருடம் பாகப்பிரிவினையும் செக் வழக்கும் பார்த்தவள், குக்கர் வெடித்துக் கை வெந்த ஒரு டீச்சருக்காக நுகர்வோர் ஆணையத்தின் படியேறினாள். "வெடித்த குக்கர் எங்கே?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. டீச்சரின் மாமியார் அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கியிருந்தார். குடத்தை வைத்து வழக்கை நிரூபிக்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், பொருட்களில் குறை இருந்து ஆளுக்குக் காயம்பட்டால் தயாரித்தவர் எப்போது பொறுப்பு என்ற சட்டத்தை முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வந்த எல்லாக் கட்சிக்காரரிடமும் முதல் வார்த்தையாகச் சொன்னது, "பொருளைத் தூக்கிப் போட்டுறாதீங்க" என்பதுதான். அவர்களும் போடவில்லை. அவள் அலுவலகத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஐந்தாறு வருடத்தில் றெக்கை பறந்த ஃபேன், தீப்பிடித்த மிக்ஸி, கண்ணாடி தெறித்த அடுப்பு என்று அறை நிறைந்தது. ஏட்டாக இருக்கும் அவள் கணவன் மாரீஸ்வரன் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஸ்டேஷன்லகூட இம்புட்டுச் சாமான் கெடையாது" என்றான். ஆனால் அவற்றில் பாதி வழக்குகளில் அவள் ஜெயித்திருந்தாள். இந்த மாதிரி வழக்கென்றால் மற்ற வக்கீல்களே அவளிடம் அனுப்பினார்கள்.

அப்படித்தான் மகாராஜபுரத்திலிருந்து குருவம்மாள் வந்தாள். நாற்பத்தாறு வயது. கணவன் ராணுவத்தில் இருந்ததால் தென்னந்தோப்பு முழுவதையும் அவள்தான் பார்த்தாள். டிராக்டர் ஓட்டுவாள், மோட்டார் மாட்டுவாள். இன்ஜின் வைத்து, கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்து ஓட்டும் களை மிஷின் ஒன்று வாங்கியிருந்தாள். ஒருநாள் தென்னைக்கு நடுவே ரிவர்ஸ் போட்டபோது, பிடித்தால் ஓடி விட்டால் நிற்க வேண்டிய மிஷின், கிளட்ச் லிவரை விட்ட பிறகும் நிற்கவில்லை. பின்னோக்கியே வந்து அவளை மரத்தோடு வைத்து அழுத்தியதில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. சுவிட்சை அணைத்து மிஷினை நிறுத்தியதும் அவளேதான்.

"மிஷினை என்ன பண்ணீங்கக்கா?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன் வக்கீலம்மா. கம்பெனிக்காரன் வந்து எடுத்துட்டுப் போறேன்னான். தொட்டுப் பாரு, பொறவு இருக்குன்னேன்."

வெங்கடேஸ்வரிக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துப்போனது.

வழக்குப் போட்டதும் கம்பெனி தரப்பில் மதுரையிலிருந்து ராக்கப்பன் என்ற மூத்த வக்கீல் ஆஜரானார். மரியாதையான மனிதர், குரல் மட்டும் பெரிது. மிஷினில் குறை இல்லை, அது பெண்கள் கையாளக்கூடிய பொருள் இல்லை என்பது அவர் வாதம். வெங்கடேஸ்வரி எழுந்து கம்பெனியின் விளம்பரத்தாளை ஆணையத் தலைவரிடம் நீட்டினாள். அதில் பட்டுச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஒற்றைக்கையால் அதே மிஷினைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தலைவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ராக்கப்பன் அந்த வாதத்தை மறுபடி எடுக்கவில்லை.

ஆனால் அது ஒரு சின்ன அடிதான். மிஷின் ஏன் நிற்கவில்லை என்பதற்கு அவளிடம் பதிலில்லை. கம்பெனியின் பொறியாளர் இம்மானுவேல், முப்பது வயதுக்காரர், தோப்புக்கே வந்து குருவம்மாளின் மிஷினை ஓட்டிப் பார்த்திருந்தார். லிவரை விட்டதும் ஒவ்வொரு தடவையும் அது சமர்த்தாக நின்றது. கூட நின்ற வெங்கடேஸ்வரியும் அதைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி தோப்புக்குப் போனாள். வரப்பில் உட்கார்ந்து, "அன்னைக்கு நடந்ததை மொதல்ல இருந்து சொல்லுங்கக்கா. ஒண்ணையும் விடாம" என்றாள்.

"காலையில ஓட்டயில சொன்ன பேச்சு கேக்கும். நாலு வரிசை முடிச்சுட்டு வரயிலதான் முரண்டு பிடிக்கும். அன்னைக்கும் நாலாவது வரிசைதான்."

"வேற யார்கிட்ட இந்த மிஷின் இருக்கு?"

பக்கத்துத் தோப்புக் கருத்தையாவிடம் இருந்தது. அங்கே போனாள். அறுபது வயது, வேலை தெரிந்தவர். அவர் மிஷின் ஒருநாளும் தகராறு செய்ததில்லை என்றார். வெங்கடேஸ்வரிக்குச் சப்பென்றாகிவிட்டது. எழுந்து கிளம்பும்போதுதான் அவர் மிஷினில் சுற்றியிருந்த சாக்குத்துணியைப் பார்த்தாள்.

"இது என்னண்ணே?"

"அதுவா. சைலன்சர் ஓரமாத்தான் கிளட்ச் ஒயர் போகுது. சூட்டுல மேல இருக்குற ரப்பர் எளகி ஒயரைப் பிடிச்சுக்கிடும்னு வாங்கயிலேயே தோணுச்சு. அதான் ஈரச்சாக்கு சுத்தி வச்சிருக்கேன். மணிக்கொரு தடவ தண்ணி தெளிச்சா ஒண்ணும் செய்யாது."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே தாயி."

வெங்கடேஸ்வரி அந்தச் சாக்கை நான்கு பக்கமும் படம் எடுத்தாள். பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

இம்மானுவேலைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டாள், கிடைத்தது. அன்று அவளிடம் நிறையக் கேள்விகள் இல்லை.

"தோப்பில் மிஷினை எவ்வளவு நேரம் ஓட்டினீங்க சார்?"

"பத்து நிமிஷம்."

"ஃபேக்டரியில?"

"அங்கேயும் பத்து நிமிஷம்தான் மேடம். எங்க சோதனை முறையே அதுதான்."

"ஒரு ஏக்கர் களையெடுக்க எவ்வளவு நேரமாகும்னு உங்க விளம்பரத்துல போட்டிருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மூணு மணி நேரம்."

"பத்து நிமிஷத்துக்குப் பிறகு இந்த மிஷின் எப்படி நடந்துக்கும்னு கம்பெனியில யாராவது பார்த்திருக்கீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றார் இம்மானுவேல். பொய் சொல்லத் தெரியாதவர். ராக்கப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த மிஷினில் மட்டும் ஏதாவது கோளாறு இருக்கலாம் என்று ராக்கப்பன் சொன்னார். அப்படியானால் கம்பெனியே புது மிஷின் ஒன்றைக் கொண்டுவரட்டும், அதே தோப்பில் ஓட்டிப் பார்ப்போம் என்றாள் வெங்கடேஸ்வரி. புதிதும் அப்படியே செய்தால், கோளாறு ஒரு மிஷினில் இல்லை, மிஷினை அமைத்த விதத்திலேயே இருக்கிறது. ஆணையம், பரிபூரணம் என்ற ஓய்வுபெற்ற வேளாண் பொறியியல் பேராசிரியையை நிபுணராக நியமித்தது.

சோதனை நாளன்று தோப்பில் திருவிழாக் கூட்டம். இம்மானுவேல் இஸ்திரி போட்ட பேண்ட்டும் வெள்ளைச் சட்டையுமாகப் புது மிஷினை ஓட்டத் தொடங்கினார். பரிபூரணம் குடைநிழலில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. லிவரை விட்டபோதெல்லாம் மிஷின் நின்றது.

"போதுமே மேடம்" என்றார் ராக்கப்பன்.

"மூணு மணி நேரம்னு நீங்கதானே விளம்பரம் போட்டிருக்கீங்க. ஒரு மணி நேரமாச்சும் ஓடட்டும்" என்றார் பரிபூரணம்.

குருவம்மாள் எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். ராக்கப்பன் முதலில் மறுத்தார், பிறகு இரண்டு குடித்தார். முப்பது நிமிடம். நாற்பது. வெங்கடேஸ்வரி மிஷினைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். கருத்தையா சொன்னது தவறாக இருந்தால் வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

நாற்பத்தேழாவது நிமிடத்தில் இம்மானுவேல் ரிவர்ஸ் போட்டார். இரண்டடி வந்ததும் லிவரை விட்டார். மிஷின் நிற்கவில்லை. அவர் பின்னால் நகர்ந்தார், அதுவும் கூடவே வந்தது. லிவரை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். நான்கு எட்டு வைத்ததும் பின்னால் தரையில்லை. வாய்க்கால் சேற்றுக்குள் பொத்தென்று உட்கார்ந்தார். குருவம்மாள் விந்தி விந்திப் போய்க் கைத்தடியால் சிவப்பு சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினாள். மிஷின் வாய்க்கால் கரையில் அடங்கியது.

பரிபூரணம் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

"அடி கிடி பட்டுச்சா தம்பி?" என்றாள் குருவம்மாள்.

"இல்லம்மா."

"எனக்குப் பின்னால தென்ன மரம்லா இருந்துச்சு" என்றவள், வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். "செத்த நேரம் பொறுங்க. எங்க வீட்டுக்காரவுக வேட்டி இருக்கு, எடுத்துட்டு வாரேன்."

இம்மானுவேல் அந்த வேட்டியோடுதான் சோதனைக் குறிப்பில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, கீழே தன் கைப்பட இரண்டு வரி சேர்த்தார்: கிளட்ச் கேபிளை சைலன்சரிலிருந்து விலக்கி அமைக்க வேண்டும் என்று. ராக்கப்பன் அதைப் படித்தார்.

வாரம் கழியுமுன் அவரே போன் செய்தார். கம்பெனி நல்ல தொகை கொடுத்துச் சமாதானமாகப் போகத் தயார். ஒரே நிபந்தனை, வெளியில் யாரும் பேசக்கூடாது. வெங்கடேஸ்வரி குருவம்மாளை அலுவலகத்துக்கு அழைத்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தீர்ப்பில் இவ்வளவு கிடைக்காமலும் போகலாம் என்பதையும் சொன்னாள்.

"பேசக்கூடாதுன்னா, கம்மாக்கரைத் தோப்புல ஒருத்தி இதே மிஷினை ஓட்டுதாளே, அவகிட்டயும் சொல்லக்கூடாதா?"

"சொல்லக்கூடாது."

"அப்ப வேண்டாம். நீங்க கேசை நடத்துங்க."

வெங்கடேஸ்வரிக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதைத் தானாகச் சொல்லும் உரிமை தனக்கில்லை என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தீர்ப்பு நான்கு மாதம் கழித்து வந்தது. குருவம்மாளுக்கு நஷ்டஈடு, அதோடு, மாவட்டத்தில் விற்ற ஒவ்வொரு மிஷினிலும் கம்பெனி தன் செலவில் கேபிளை மாற்றித் தர வேண்டும் என்ற உத்தரவு. கம்பெனி மேல்முறையீடு போகவில்லை. கோர்ட்டு வாசலில் ராக்கப்பன் அவளிடம் அரைக்கிலோ பால்கோவா டப்பாவை நீட்டினார். "வீட்டுக்குத்தான் வாங்கினேன். நீங்க வச்சுக்கோங்க. அடுத்த கேஸ்ல நீங்க எதிர்ல வரலைனா நல்லது" என்றார்.

வத்திராயிருப்பில் சர்வீஸ் முகாம் போட்டார்கள். முதல் நாளே அறுபது மிஷின்கள் வரிசையில் நின்றன. இம்மானுவேல் முழங்கைவரை கிரீஸோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குருவம்மாள் தன் மிஷினைப் பக்கத்துத் தரிசில் ரிவர்ஸ் எடுத்து, லிவரை விட்டு, நின்றதும் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாருங்க வக்கீலம்மா."

"நானா?"

"இம்புட்டு நாள் இதைப் பத்தியே பேசுனீங்க. ஒரு நாளாச்சும் தொட்டுப் பாத்தீகளா?"

வெங்கடேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கைப்பிடி நடுங்கியது, பல்லெல்லாம் கூடவே நடுங்கியது. நேராகப் போக வேண்டிய மிஷின் வலது பக்கமாக வளைந்து வளைந்து போனது. கருத்தையா வேலி ஓரத்தில் நின்று, "எடது பக்கம் தாயி, எடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தார். அவள் தரிசின் கடைசிவரை போய்த்தான் லிவரை விட்டாள். திரும்பிப் பார்த்தபோது, பாம்பு போனமாதிரி ஒரு தடம் கிடந்தது.

"இன்னொரு வரிசை ஓட்டட்டுமா?" என்றாள்.