ஒற்றைக்கால் வளைவு

மகள் அனுப்பியிருந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார் டவர்காரர். வெள்ளை நிறத்தில் புதுக் கார் ஒன்று பளபளவென்று நின்றது. பின்கதவில் ஒட்டியிருந்த எழுத்தை இன்னும் பெரிதாக்கிப் படித்தார். ஆல்-வீல் டிரைவ். படம் வந்த கையோடு மகளும் கூப்பிட்டுவிட்டாள்.

"பாத்தீங்களாப்பா? நாலு சக்கரமும் இழுக்குமாம். இனிமே கீழ நின்னுக்கிட்டு உங்க ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்ல. நானே ஓட்டிட்டு மேல வந்துடுவேன்."

"நாலும் இழுக்கும் பாப்பா. ஆனா..."

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா, அது ரோட்டுக்குச் செஞ்ச வண்டி. மழையில வழுக்காம போகும், அவ்வளவுதான். நம்ம பாதைக்கு லோ கியர் வேணும், லாக் வேணும்..."

"அப்பா." அவள் குறுக்கிட்டாள். "இந்த வாரம் விட்டு அடுத்த சனிக்கிழமை வரேன். வண்டி ஏறுச்சுன்னா மாசா மாசம் வருவேன். ஏறலன்னா விட்டுடுவோம்ப்பா. ஃபோன்லயே பேசிக்கலாம். எனக்கும் அலுத்துப்போச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் அவரைச் சுட்டது.

குன்றின் உச்சியில் நிற்கும் அந்தத் தகவல்தொடர்புக் கோபுரத்தைப் பத்தொன்பது வருடமாக அவர் ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார். காலையில் பேட்டரிகளின் அளவைக் குறிப்பது, ஜெனரேட்டரை அரைமணி நேரம் ஓட விடுவது, கோபுரத்து நுனியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. கோபுரத்தின் காலடியில் இரண்டு அறை வீடு. மகளுக்குப் படிக்கிற வயது வந்தபோது மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனாள். லீவுக்கு லீவு வந்துபோவதாக ஏற்பாடு. இரண்டு வருடத்துக்கு முன் அங்கேயே காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமல் போய்ச் சேர்ந்தாள். மகள் இப்போது ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கடைசியாக மேலே வந்து பதினான்கு மாதம் ஆகிறது.

அடிவாரத்திலிருந்து வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் மண்பாதை. அதில் மூன்றே முக்கால் கிலோமீட்டர் எந்த வண்டியும் வரும். மிச்சமிருப்பதுதான் ஒற்றைக்கால் வளைவு. பெயர் வைத்தவர் டவர்காரரேதான். மழைத்தண்ணீர் பாதையைக் குறுக்கும் மறுக்குமாக அறுத்துப் போட்டிருந்ததால், அங்கே ஏறும் வண்டி முன்பக்கம் ஒரு காலையும் பின்பக்கம் எதிர்க்காலையும் தூக்கிக்கொண்டு நிற்கும். பெரிய பாறை மறைப்பதால், டவர் இருக்கும் குன்றிலேயே ஃபோனுக்குச் சிக்னல் கிடைக்காத ஒரே இடமும் அதுதான்.

அந்த வளைவைப் பற்றிப் பேசச் சொன்னால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "சக்கரம் அந்தரத்துல தொங்கினா இந்த ஆல்-வீல் வண்டி குழம்பிடும்" என்று ஆரம்பிப்பார். சக்தியெல்லாம் சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கே ஓடும். கம்ப்யூட்டர் அதைப் பிரேக் போட்டுப் பிடித்து மற்ற சக்கரத்துக்கு அனுப்பப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் சூடேறி, திரையில் ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டிவிட்டுக் கையை விரித்துவிடும். நிஜமான ஃபோர்-வீல் அப்படியா? இரண்டாவது லிவரை இழுத்து லோவில் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். இடது வலது சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டுகிற லாக்கும் விழுந்துவிட்டால், தொங்குகிற சக்கரம் பாட்டுக்குத் தொங்கட்டும், மண்ணைத் தொட்டிருக்கிற சக்கரம் வண்டியை மேலே கொண்டுபோய்விடும். டவர் இலாகா கழித்துப் போட்ட பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்து, மகளைப் போல வளர்த்தார் என்று சொன்னால் அது பொய். மகளை அவ்வளவு கவனித்து வளர்க்கவில்லை.

அடிவாரத்துக் கடைக்காரருக்கு இந்தப் பாடம் மனப்பாடம். "நீங்க வாயத் தொறந்தா உங்களுக்கும் லோ கியர் விழுந்துடுது. யார் தடுத்தாலும் நிக்காது" என்பார்.

அன்று மாலை டவர்காரர் வளைவுக்கு நடந்து போய் நின்றார். இலாகா இரண்டு முறை கேட்டது, பாதையைச் சமன்செய்ய இயந்திரம் அனுப்பட்டுமா என்று. வேண்டாம், ஜீப் ஏறுகிறது என்று இரண்டு முறையும் எழுதியிருந்தார். மனைவி ஒவ்வொரு லீவுக்கும் சொன்னாள். ஜீப் சாயும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மடியில் மகளையும் பிடித்துக்கொண்டு, "நாலு கல்லப் பொறுக்கிப் போடுங்களேன்" என்பாள். "அப்புறம் ஜீப் எதுக்கு?" என்று சிரிப்பார். அந்த வளைவில் தன்னைத் தவிர எவனாலும் ஏற முடியாது என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. எவனும் ஏறாவிட்டால் எவளும் ஏறமாட்டாள் என்பது பத்தொன்பது வருடமாகப் புத்திக்கு எட்டவில்லை. தன்னந்தனியாக நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து கடப்பாரையும் தள்ளுவண்டியுமாக இறங்கினார். மகளின் வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று சாதுவாக விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதே உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக்கொண்டார். பள்ளத்தில் பெரிய கல், அதன்மேல் சின்னக் கல், அதன்மேல் சரளை, மேலே மண். ஒவ்வொரு கல்லையும் தட்டைப் பக்கம் மேலே வரும்படி திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து, குச்சியை நிறுத்திப் பார்த்தார். குச்சி எங்கேயாவது இடித்தால் மறுபடியும் கடப்பாரை. ஐந்து நாளில் பாதி வளைவு முடிந்தது. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

ஆறாம் நாள் டீசல் வாங்க ஜீப்பில் இறங்கினார். திரும்பும்போது கை தன் பழக்கத்தில் லிவரை லோவில் தள்ளியது. ஜீப்பின் முரட்டு டயர்கள் ஒவ்வொரு கல்லாகக் கவ்வி, பின்னால் எறிந்துவிட்டு, எப்போதும் போல ஜம்மென்று மேலே ஏறின. இறங்கி வந்து பார்த்தார். ஐந்து நாள் வேலை பத்து நொடியில் போயிருந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஜீப்பின்மேல் அவருக்கு ஆத்திரம் வந்தது. கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டினார். மறுபடியும் முதல் கல்லிலிருந்து ஆரம்பித்து, இருட்டிய பிறகும் விளக்கு வைத்துக்கொண்டு அடுக்கி, வெள்ளிக்கிழமை இரவுக்குள் வளைவு முழுவதையும் முடித்தார். அதற்குப்பின் அடிவாரத்துக்கு நடந்தே போய் வந்தார். தோளில் மூட்டையோடு வந்து நின்றவரைப் பார்த்துக் கடைக்காரர் திகைத்துப்போனார்.

"என்ன, ஜீப் மண்டையப் போட்டுடுச்சா?"

"வாய அலம்புங்க. அது நல்லாத்தான் இருக்கு. டாக்டர் நடக்கச் சொன்னாரு."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கோபுரத்து ஏணியில் பாதி உயரத்தில் நின்றிருந்தார். கீழே வெள்ளைப் புள்ளி ஒன்று தூசி கிளப்பிக்கொண்டு வந்தது. வளைவுக்குள் நுழைந்தது. ஒரு சக்கரம் சர்ரென்று சுற்றும் சத்தம் கேட்டது. பாறை மறைவில் எஞ்சின் உறுமித் தயங்கியது, பிறகு எங்கேயோ பிடி கிடைத்து வண்டி ஏறி வந்துவிட்டது. ஏணிக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

மகள் இறங்கியதுமே குதித்தாள். "என்ன சொன்னீங்க? லோ கியர், லாக்கு! ஒரு பட்டன அமுக்கினேன், அது பாட்டுக்கு ஏறிடுச்சு!"

"ஆமாம்மா. நல்ல வண்டிதான்."

"இவ்வளவு நாள் எங்கள பயமுறுத்தி வெச்சிருந்தீங்க."

"வண்டிங்க இப்பல்லாம் முன்னேறிடுச்சு பாப்பா" என்றார். சொல்லிவிட்டு வண்டிக் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். பத்தொன்பது வருடம் ஊருக்கெல்லாம் ஓதிய பாடத்தை ஒரே வாக்கியத்தில் தானே கவிழ்த்துவிட்ட துக்கமா, மகள் முற்றத்தில் நிற்கிற சந்தோஷமா என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை.

சமைத்துச் சாப்பிட்டார்கள். அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்து வெயிலில் போட்டாள். அவர் குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது பார்த்துவிட்டாள்.

"முதுகுல என்ன? திரும்புங்க." இரண்டு கட்டைவிரலாலும் முதுகெலும்பை ஒட்டி அழுத்திக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் அவர் அம்மா என்று கத்தினார். "கல்லு மாதிரி இறுகியிருக்கு. எல்லாம் அந்த ஜீப்புல குலுங்கினதுதான். அத வித்துடுங்கப்பா."

"சரி, பாக்கலாம்."

"கை ஏன் இப்படிக் காப்புக் காச்சிருக்கு?"

"டவர்ல கயிறு மாத்தினேன்."

அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். வாசலில் தெரிந்த கொட்டகையைப் பார்த்தாள். ஜீப்பின் கண்ணாடியில் தூசி படிந்து கிடந்தது.

நாலு மணிக்கு மேகம் கட்டியதும் கிளம்பிவிட்டாள். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வாய் விட்டுக் கேட்டு, டூட்டி, கீட்டி என்று அவள் இழுத்தால் அதைத் தாங்கிக்கொள்ளத் தெம்பு இல்லை. மறுபடியும் ஏணியில் ஏறி நின்றுகொண்டார். வளைவில் நுழைந்த வண்டி மறுபக்கம் வெளியே வரவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்து, தடதடவென்று இறங்கி, ஆணியிலிருந்து சாவியை எடுத்துவிட்டார். அதற்குள் கீழே எஞ்சின் சத்தம் கேட்டது. பாறைக்கு அந்தப் பக்கம் வண்டி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

வீடு போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டாள்.

"வளைவுல ஏம்மா அவ்வளவு நேரம் நின்ன? வண்டி ஏதாவது..."

"வண்டிக்கு ஒண்ணுமில்லப்பா. ஒரு ஃபோன் வந்துச்சு. பேசிட்டுக் கிளம்பினேன்."

அங்கே ஃபோன் வராது என்பது டவரைக் காக்கிறவருக்குத் தெரியாதா? "சரிம்மா" என்றார்.

இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் கடப்பாரையோடு வளைவுக்கு ஓடினார். மேல்மண் கரைந்து கற்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன, ஆனால் பெயரவில்லை. ஓரமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். முந்தின நாள் அவளுடைய சக்கரம் சுற்றிய இடம். அங்கே பெயர்ந்திருக்க வேண்டிய கற்கள் மூன்றும் பள்ளத்திலேயே இருந்தன. மூன்றும் உருண்டைப் பக்கம் மேலே, தட்டைப் பக்கம் கீழே. அவர் அப்படி வைக்கமாட்டார். கல் அடுக்கத் தெரியாத கை யாருடையதோ, மெனக்கெட்டுத் தூக்கி வைத்து, ஆடாமல் இருக்க இண்டு இடுக்கில் சரளையையும் திணித்திருந்தது.

குனிந்து முதல் கல்லைத் திருப்பப் போனார். கை அதன்மேலேயே நின்றது.

அன்று டீசல் வாங்க வேண்டியிருந்தது. காலி கேனை எடுத்துக்கொண்டு நடந்தே இறங்கினார். திரும்பி வரும்போது கேன் கனத்தது, முதுகு விண் விண்ணென்று தெறித்தது. வளைவுக்கு வந்ததும் அதைத் தோள் மாற்றிக்கொண்டு, அந்த மூன்று கல்லையும் மிதிக்காமல், பாதையின் ஓரமாகக் காலை எட்டிப் போட்டு மேலே ஏறினார்.