ஐந்தாவது கல்

ஊரில் எந்தத் தராசு பொய் சொன்னாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என்னிடம் ஐந்து இரும்புக் கற்கள் உண்டு, ஒவ்வொன்றும் இருபது கிலோ. அவற்றை ஏற்றிப் பார்த்து, எந்த மெஷின் யோக்கியம், எது திருட்டுப்பயல் என்று சான்று எழுதிக் கொடுப்பேன். அப்படிப்பட்ட என்னிடமே ஒரு மெஷின் ஒன்பது வாரமாக வாலாட்டினால் கோபம் வருமா, வராதா?

இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டபோது நான் நூற்று நாற்பத்திரண்டு கிலோ. முதல் ஐந்து மாதம் எடை மளமளவென்று இறங்கியது. நூற்று நான்குக்கு வந்ததும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"இது எல்லாருக்கும் வர்றதுதான் சார்," என்றார் ஆஸ்பத்திரி டயட்டீஷியன். "உடம்பு கொஞ்சம் நின்னு மூச்சு வாங்குது. நேரத்துக்குச் சாப்பிடுங்க, புரோட்டீனைக் குறைக்காதீங்க. முக்கியமா, தினம் எடை பார்க்காதீங்க."

தராசுக்காரனிடம் சொல்கிற பேச்சா இது? நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏறினேன். சாப்பாட்டை ஒப்புக்குக் கொறித்தேன். மனைவி இரண்டு வேளையும் கலக்கித் தரும் புரோட்டீன் பவுடர் பானத்தைக் குளியலறைக்குள் கொண்டுபோய் ஊற்றினேன். சத்து மாத்திரைகளையும் நிறுத்தினேன். மாத்திரைக்கும் எடை உண்டு என்பது என் தொழில்முறைக் கருத்து.

"பாத்ரூம்ல எங்கிருந்துதான் இவ்வளவு எறும்பு வருதோ," என்று ஒரு நாள் மனைவி அலுத்துக்கொண்டாள்.

"உன் புருஷன் குளிச்ச இடம்ல? இனிக்கத்தான் செய்யும்."

வாய்விட்டுச் சிரித்தாள். நான் சொன்ன ஜோக்குக்கு ஒருவர் சிரித்து எனக்கு வலித்தது அதுதான் முதல் தடவை.

எண் அசையவில்லை. ஆனால் என் கற்கள் கனக்கத் தொடங்கின. சந்தேகப்பட்டு ஒரு நாள் கல்லையே நிறுத்துப் பார்த்தேன். இருபது கிலோ, ஒரு கிராம் கூடக் கூடவில்லை. கல்லில் தப்பில்லை என்றால் வேறு எதில் தப்பு என்று மட்டும் நான் யோசிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி மெஷினும் அதே நூற்று நான்கைக் காட்டியதால் அதன் மேலும் எனக்கு ஒரு கண். என் பரிசோதனை நாளிலேயே அதைச் சரிபார்க்கும் வேலையும் கிடைத்தது. காரைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று மனைவி பின்தங்கினாள். நான் கற்களைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு டயட்டீஷியன் அறைக்குப் போனேன்.

முதல் கல், இருபது. இரண்டாவது, நாற்பது. மூன்றாவதில் மூச்சு வாங்கியது. நான்காவதில் கண் இருட்டியது. மெஷின் எண்பது என்றது, கிராம் பிசகாமல். ஐந்தாவது கல் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். தள்ளுவண்டியோடு குடித்தனம் நடத்துவதென்று முடிவு செய்துவிட்டது போல.

"விடுங்க சார். உட்காருங்க. கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்றார் டயட்டீஷியன்.

"காலையிலகூட ஒரு டம்ளர் பவுடர் குடிச்சேனே."

அவர் குனிந்து என் வலது கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"இது நீர். சதையெல்லாம் கரைஞ்சிருக்கு சார். இந்த நீர்தான் அதை மறைச்சுக் கணக்கைச் சமன் பண்ணியிருக்கு. இப்ப பாதத்துல கிள்றேன், தெரியுதா?"

"எங்க?" என்றேன்.

அவர் போனை எடுத்து நரம்பு டாக்டரை உடனே வரச் சொன்னார்.

அப்போது மனைவி உள்ளே வந்தாள். கையில் என் செருப்பு, இடது கால் செருப்பு.

"என்னங்க இது, கார் பக்கத்துலயே கெடந்துச்சு. ஒத்தைச் செருப்போடயா இவ்வளவு தூரம் நடந்தீங்க? தரை கொதிக்குதே, சுடலையா?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. வாசலிலிருந்து என் நாற்காலி வரை தரையில் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள். எங்கே எது குத்தியதோ, எனக்குத் தெரியாது.

"சாப்பாடெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு மேடம்," என்று மனைவி அவசரமாகச் சொன்னாள். "பவுடர் ரெண்டு வேளையும் நானே கலக்கிக் குடுக்கறேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டார்."

டயட்டீஷியன் என்னைப் பார்த்தார். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் என் வாயில் ஏதாவது ஒரு ஜோக் தயாராக நிற்கும். தேடிப் பார்த்தேன். இல்லை.

"பாத்ரூம் எறும்பைப் பத்திக் கேட்டியே..." என்று ஆரம்பித்தேன்.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.