இரண்டாவது பொட்டலம்

மும்பையின் தாராவியில் அந்தச் சந்துக்காரர்களுக்கு முப்பிடாதியம்மனிடம் ஏதாவது கேட்கவேண்டுமென்றால் நம்பிராஜனிடம்தான் வரவேண்டும். அம்மன் நேரில் பேசமாட்டாள், பூவில் பேசுவாள். ஒரு வெள்ளை நந்தியாவட்டையையும் ஒரு சிவப்புச் செம்பருத்தியையும் தனித்தனியாக வாழையிலையில் பொட்டலம் கட்டி, நம்பிராஜன் அவள் காலடியில் வைப்பார். வீட்டுப் பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. அது அப்படியே பழைய பூக்கூடைக்குப் போய், சனிக்கிழமை மற்றக் குப்பையோடு மாகிம் கடலில் சேர்ந்துவிடும்.

நம்பிராஜன் பரம்பரைப் பூசாரி இல்லை. பகலெல்லாம் பட்டறையில் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் தைப்பவர். பழைய பூசாரி ஊரோடு போய்விட்டபோது, விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயடியில் வரிசை நின்று தண்ணீர் பிடித்து அம்மனைக் குளிப்பாட்ட வேறு நாதியில்லாமல், கோயில் சங்கத்தார் இவர் தலையில் கட்டினார்கள். அது ஆயிற்று இருபத்திரண்டு வருஷம். மந்திரம் அரைகுறைதான். குங்குமம் கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே வார்த்தை சொல்வார்: "அம்மன் பாத்துக்கிடுவா." காய்ச்சல்காரனுக்கும் அதுதான், கல்யாணப் பெண்ணுக்கும் அதுதான், ரயில் பாஸைத் தொலைத்துவிட்டு வந்தவனுக்கும் அதுதான்.

அவரிடம் ஒரு களவு இருந்தது. கல்யாணம், வீடு மாற்றுவது, துபாய் வேலை என்று கேட்டு வந்தால் ஒழுங்காகக் கட்டுவார். உடம்புக்கு முடியாதவர்களுக்கு மட்டும் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துவிடுவார்.

பூசாரியான முதல் வருஷம் ஒரு மனிதருக்குச் சிவப்பு வந்தது. டாக்டர் ஆபரேஷன் என்றார், அம்மன் வேண்டாம் என்றாள். அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் வீட்டிலேயே கிடந்து செத்தார். நம்பிராஜனுக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. பெற்ற தாய் எவளாவது நோயாளிப் பிள்ளையைப் பார்த்து வேண்டாம் என்பாளா? மாட்டாள். அப்படியென்றால் அந்தச் சிவப்பு அவள் சொன்னதாக இருக்கமுடியாது, தன் கை கட்டியதுதான் என்று முடிவு செய்தார். அன்றிலிருந்து அம்மன் சொல்லப்போவதை முன்கூட்டியே கட்டி வைப்பதாக அவருக்கு நினைப்பு. யாருக்கும் சந்தேகம் வந்துவிடக்கூடாதே என்று ஒரு பொட்டலத்துக்குள் கிழிந்த இலைத் துண்டு ஒன்றைக் கூடுதலாகத் திணிப்பார். பார்த்தால் செம்பருத்தி இருக்கிற கனம் தெரியும். திருட்டிலும் ஒரு தொழில் சுத்தம்!

வெள்ளைப் பூ வாங்கிப் போனவர்கள் பெரும்பாலும் பிழைத்தும் வந்தார்கள். பெயர் அம்மனுக்கு, அரைமூடித் தேங்காய் நம்பிராஜனுக்கு. எல்லாம் ரஞ்சனா வரும்வரைதான்.

ரஞ்சனா கோயிலுக்கு எதிர் அறையில் இருந்த மாரிசெல்வியின் மகள். ஏழு வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. பத்துப் பேருக்கு ஆபரேஷன் செய்தால் எட்டுப் பேர் பிழைப்பார்கள், செய்யாவிட்டால் பிள்ளை பெரியவளாக மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பன் பேச்சிராஜாவுக்கு அம்பர்நாத்தில் ஃபாக்டரி வேலை. அவனுக்கு அந்த எட்டுப் பேர் கண்ணில் பட்டார்கள். மாரிசெல்விக்கு மற்ற இரண்டு பேர்தான் கண்ணில் பட்டார்கள். கடைசியில் பூக் கேட்டுவிடலாம் என்று வந்தார்கள்.

பிள்ளையே தன் பூவைத் தானே எடுத்தது. மாரிசெல்வி அவளை மடியில் வைத்துக்கொண்டு கையைப் பிடித்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் ரஞ்சனா, "மம்மி, சஃபேத் ஆயா" என்று வெள்ளை வந்ததை இந்தியில் கத்தி, அந்த நந்தியாவட்டையைக் காதில் செருகிக்கொண்டு சந்து முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். மறுவாரம் ஆபரேஷன். நான்காம் நாள் காய்ச்சல் கண்டு பிள்ளை போய்விட்டது.

அதற்குப் பிறகு மாரிசெல்வி கோயில் படி மிதிக்கவில்லை. கோயிலைப் பார்த்த வாசலில் கெட்டியான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டாள். பேச்சிராஜா அம்பர்நாத்திலேயே தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துபோனான். அவளுக்கு அம்மன் மேல் கோபம் என்று சந்து பேசிக்கொண்டது. வெள்ளையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாளே, யாருக்குத்தான் கோபம் வராது என்று சொன்னவர்களும் உண்டு. சாமியைப் பகைத்தால் இன்னும் என்னென்ன வருமோ என்று சொன்ன புண்ணியவதிகளும் உண்டு.

நம்பிராஜன் தினமும் அந்தப் போர்வைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பூசை செய்தார். பதினொரு மாதம் தள்ளிவிட்டார். பிறகு ஒரு புதன்கிழமை கோமதியம்மாள் வந்தாள். புருஷனுக்கு நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்யவேண்டுமாம். வெள்ளிக்கிழமை பூக் கட்டவேண்டுமாம். சரி என்று வாய் சொல்லிவிட்டது. வியாழக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் பூவும் இலையும் வாங்கிவந்து உட்கார்ந்தார். இரண்டும் வெள்ளையாகக் கட்ட எடுத்தால் ரஞ்சனாவின் காதில் இருந்த பூ கண்ணுக்கு முன்னால் வந்தது. சிவப்பை எடுத்தால் வீட்டில் கிடந்து செத்தவர் வந்தார். எந்தப் பூவையும் தொட முடியவில்லை.

நடந்ததை மாரிசெல்வியிடம் சொல்லாமல் இனி ஒரு இலையைக்கூட மடக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. சொன்னால் பூசாரி வேலை போகும். இந்தச் சந்தில் தலைநிமிர்ந்து நடக்கவும் முடியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் தான் செய்ததற்கு அம்மன் பழி சுமக்கிறாளே, ஒரு தாய் இன்னொரு தாயை வெறுத்துக்கொண்டு கிடக்கிறாளே என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பட்டறைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மத்தியானம் போர்வைக்கு வெளியே நின்று செருமினார்.

மாரிசெல்வி உள்ளே உட்கார்ந்து, தைத்து வந்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள். எழுந்திருக்கவில்லை. நம்பிராஜன் வாசல் பக்கமே குந்தினார்.

"செல்வி, ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ என்னையச் செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன்."

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். இருபத்திரண்டு வருஷக் களவையும், வீட்டில் கிடந்து செத்தவரையும், ரஞ்சனாவுக்குக் கட்டியதையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். "அம்மன் உன்னைய ஏமாத்தல தாயி. அவளப் பேசவே நான் விடல. ரெண்டுலயும் வெள்ளதான் வச்சேன்."

கத்தரி நின்றது. "எடுக்காத பொட்டலத்துலயுமா?"

"அதுலயுந்தான்."

"ரஞ்சனா மேல சத்தியமாச் சொல்லுங்க."

செத்த பிள்ளை மேல் சத்தியம் செய்ய அவருக்கு நாக்கு எழவில்லை. அவள் விடுவதாக இல்லை. "ரஞ்சனா மேல சத்தியமா" என்றார்.

அடிப்பாள், கத்துவாள், குறைந்தது வெளியே போ என்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ மொதல்ல எடுக்கப் போனது எடதுபக்கத்துப் பொட்டலம் அண்ணாச்சி," என்றாள். "கைய வச்சிப்புட்டா. அது சித்த பெருசா இருந்துச்சு. செம்பருத்திதான பெரிய பூ, இதுலதான் செவப்பு இருக்குன்னு எனக்குப் பட்டுச்சு. நாந்தான் மணிக்கட்டப் பிடிச்சு மத்ததுக்குத் தள்ளிவிட்டேன். நீங்க கற்பூரம் பத்த வைக்கத் திரும்பியிருந்திய. யாரும் பாக்கல."

நம்பிராஜன் போர்வையைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மன் வேண்டாம்னு சொல்லியிருக்கா. எம்பிள்ள கையிலயே குடுத்துச் சொல்லியிருக்கா. நான் தட்டிவிட்டுக் கொண்டுபோயிப் பலி குடுத்துட்டேன்னு இருந்தேன். அவ அப்பாகிட்டக்கூடச் சொல்லல. அம்மன் மொகத்துல எப்படி முழிக்க? அதான் போர்வையத் தொங்கவிட்டேன்."

சந்து முழுக்கக் கோபம் என்று நினைத்தது வெட்கம். பதினொரு மாதமாக அவள் அம்மனிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள்! அவளை ஒளிய வைத்தது ஒரு கிழிந்த இலைத் துண்டு. நம்பிராஜனுக்கு அதைச் சொல்லாமலே எழுந்து போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவளுக்குத்தான் விடுதலை கிடைத்துவிட்டதே. ஆனால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை மடியில் கட்டிக்கொண்டு போக அவரால் ஆகவில்லை.

"அந்தப் பெரிசும் எம்வேலதான் தாயி," என்றார். "ஆளுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு ஒண்ணுல எல கூட வைப்பேன்."

அவள் அழுதாள். ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலும் அழாத அழுகை. மடியிலிருந்த யாரோ ஒருவனுடைய புதுச் சட்டை நனைந்துபோயிற்று. நம்பிராஜன் ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தார். அந்த வாயில் இருந்தது எல்லாருக்கும் சொல்லும் அந்த ஒரே வார்த்தைதான். அதைச் சொன்னால் தன் நாக்கு அழுகிவிடும் என்று தோன்ற, மூடிக்கொண்டார்.

அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "நீங்க ஒழுங்காக் கட்டியிருந்தா அம்மன் எதக் குடுத்திருப்பா?"

"தெரியாது தாயி."

"பெறவு எம்பிள்ளைய எதுக்கு எடுத்துக்கிட்டா?"

"அதுவும் தெரியாது."

இருபத்திரண்டு வருஷத்தில் அம்மனைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று நம்பிராஜன் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபோது அவருக்கே பயமாக இருந்தது. தாய் சிவப்புக் கொடுக்கமாட்டாள் என்று தான் நம்பியதாக நினைத்தது நம்பிக்கையே இல்லையோ, அவள் கொடுத்துவிடுவாளோ என்ற பயம்தானோ என்றுகூட ஓடியது. நம்பியிருந்தால் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கையை எடுத்திருக்கலாமே.

"இத்தன நாளும் எம்மேலயே இருந்த கோவத்துல அம்மன்கிட்டக் கோவப்படக்கூட முடியல அண்ணாச்சி," என்றாள் மாரிசெல்வி. கத்தரியை எடுத்துக்கொண்டாள். "நீங்க போங்க. உங்கமேல உள்ளதப் பெறவு பாத்துக்கிடுதேன்."

அவர் எழுந்தார். சங்கத்தில் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

அங்கிருந்து நேராகக் கோமதியம்மாள் வீட்டுக்குப் போனார். இனிமேல் பூக் கட்டுவதில்லை, டாக்டரிடம் கேட்பதைக் கேட்டு முடிவு செய்யுங்கள், ஆபரேஷன் அன்றைக்கு நானும் வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்றார். பூசாரி வந்து உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று அவள் முணுமுணுத்தாள். நியாயமான கேள்விதான்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் சொன்னார். இரண்டு மணிநேரம் காச்சுமூச்சென்று கத்தினார்கள். தூக்கு இவனை என்றார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க யார் வருகிறீர்கள் என்று தலைவர் கேட்டதும் சபை கப்சிப் என்று அடங்கியது. வேறு ஆள் கிடைக்கும்வரை நம்பிராஜனே இருக்கட்டும் என்று தீர்மானமாயிற்று. கிடைக்கமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குக் கூட்டம் கொஞ்சம் குறைவு. எதிர்வாசலில் போர்வை விலகி மாரிசெல்வி இறங்கி வந்ததைப் பார்த்ததும் பெண்கள் வழிவிட்டார்கள். அவள் பூவோ தேங்காயோ கொண்டுவரவில்லை. கை கூப்பவும் இல்லை. நேராக முன்னால் வந்து, குழாயடியில் குடத்தை நகர்த்தியவளிடம் நியாயம் கேட்க வந்தவள் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எம்பிள்ளைய எதுக்குட்டி எடுத்த?" என்றாள்.

சத்தம் பெரிதில்லை. பின்னாலிருந்து ஒரு பெண், பேச்சைக் குறை என்று சொல்லப் பார்த்தாள். மாரிசெல்வி திரும்பவில்லை. பிறகு எல்லார் கண்ணும் நம்பிராஜன் மேல் வந்தது. இந்த மாதிரி நேரங்களில் அம்மனுக்காகப் பதில் சொல்கிறவர் அவர்தானே. நம்பிராஜன் கற்பூரத் தட்டைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார்.

மாரிசெல்வி போகவில்லை. அம்மன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். கற்பூரம் எரிந்து அணைந்தது. அவள் நிற்கிறவரைக்கும் வெளிச்சம் வேண்டுமே என்று நம்பிராஜன் இன்னொரு கட்டியை எடுத்து ஏற்றினார்.