மாக்ரெட்டின் கடுகுச் சிமிழ்

மேலைக் கடலின் விளிம்பிலே செங்கதிரோன் சாய்ந்து, அலைகளின் முதுகெல்லாம் பொன்னைப் பூசிவிட்டு, கரையோர இருப்புப்பாதையில் கல்கிசை நோக்கி விரையும் தொடர்வண்டியின் பலகணிகளிலும் அதில் ஒரு கை அள்ளித் தெளிக்கும் வேளை. காலி வீதியிலே பேருந்துகள் ஒன்றையொன்று முந்திப் பிளிற, மாலை வழிபாட்டு மணியோசையும் மீன் விற்பார் கூவலும் கலந்தெழும் வேளை. தமிழ் நலம் நுகரும் பெருமக்களே, கொழும்பு மாநகரின் வெள்ளவத்தையை அந்த வேளையில் கண்டவர் எளிதில் மறவார். அங்கே கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றிலே, முன்னாளில் ஒரு குடும்பம் வாழ்ந்த வளவில் இந்நாளில் நாற்பது குடும்பங்களை அடுக்கி வைத்திருக்கும் மாடிக் கட்டடத்தின் ஐந்தாம் தளத்திலே, வரதராசா என்பார் தம் கண்ணாடிப் பேழையின் முன்னே கைகட்டி, கருவறை நோக்கி நிற்பார்போல் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே எந்தத் தெய்வம் என்கிறீர்களா? உப்புக் கிண்ணிகள் ஐயா, உப்புக் கிண்ணிகள்! மிளகுத்தூட் சிமிழ்கள், புளிக்காடிக் குப்பிகள், ஊறுகாய்த் தட்டங்கள், குழம்பு வார்க்கும் மூக்குக் கலங்கள். வெள்ளையர் ஆண்ட நாளில் அவர்தம் உணவு மேசைகளில் வீற்றிருந்து, அவர் கப்பலேறிய பின்னர்ப் பழம்பொருட் கடைகளிலே கேட்பாரற்றுக் கிடந்த சுவைக்கலங்களையெல்லாம், நில அளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதலாய்த் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். அவற்றுள் ஒன்றிலேனும் ஒரு நாளேனும் ஒரு கல் உப்பு விழுந்ததில்லை. அவருடைய மனைவி இரத்தினம்மா, பாவம், நூறாண்டுப் பழமை வாய்ந்த ஊறுகாய்த் தட்டம் ஏழு இருக்கின்ற வீட்டிலே, எலுமிச்சை ஊறுகாயை நெகிழிப் பெட்டியிலிருந்து எடுத்துப் பரிமாறி வந்தார்.

இத்தனைக்கும் நடுவே வரதராசாவின் உறக்கத்தைக் கெடுத்தது ஒரே ஒரு வெற்றிடம். இரத்மலானையில் பழைய இரும்பு விற்பவன் ஒருவனிடம், ஆணிகளுக்கும் பூட்டுகளுக்கும் அடியிலிருந்து அவர் மீட்டெடுத்த வெள்ளித் தாங்கி ஒன்று உண்டு. நான்கு வளையங்கள் அதற்கு. மூன்றிலே நீலப் பளிங்குக் கலங்கள், உப்புக்கும் மிளகுக்கும் புளிக்காடிக்குமாய் அமர்ந்திருந்தன. கடுகுச் சிமிழ் இருக்கவேண்டிய நான்காம் வளையம், பல் விழுந்த வாய்போல் வெறுமையாய் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஒற்றைச் சிமிழைத் தேடி அலைந்தார் அவர்.

கார்த்திகை விளக்கீட்டு நாளில் அவ்வீட்டுக்கு விருந்துக்கு வந்தார் மாக்ரெட் அம்மையார். கொட்டாஞ்சேனைப் பள்ளியொன்றிலே இரத்தினம்மாவோடு முப்பத்தோராண்டு ஒன்றாய்ப் படிப்பித்தவர். வெள்ளிக்கிழமைகளிலே தோழிக்காகத் தாமும் மரக்கறிச் சோறு கட்டிக்கொண்டு வந்து, ஒரே வாங்குப் பலகையிலே இருந்து பகிர்ந்து உண்டவர். கணவரை இழந்தபின் தம் ஒரே மகள் ரொஷேலைத் தனியொருவராய் வளர்த்து ஆளாக்கியவர். அத்தகைய விருந்தினரை உண்ணவிடாமல், வரதராசா தம் தாங்கியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்து, ஒரு நாழிகைக்குக் குறையாமல் விளக்கவுரை ஆற்றினார்.

“இந்த ஒண்டுதான் குறை. இது மட்டும் கிடைச்சால் நான் நிம்மதியாக் கண்ணை மூடுவன்” என்றார்.

“கண்ண மூட வேணாம் வரதண்ணே. தொறந்து வச்சிட்டே தேடுங்க” என்று மாக்ரெட் அம்மையார் சிரித்தார். ஆயினும் சோற்றில் கை வைக்குமுன் அந்த வெற்று வளையத்தை அவர் இருமுறை உற்று நோக்கினார். புகழ் பேசுவதில் மூழ்கியிருந்த வரதராசா அதனைக் கண்டாரில்லை.

மார்கழியில் இயேசு பிறந்த திருநாளுக்கு மறுநாள், வளைகுடா நாடொன்றிலே செவிலியாய்ப் பணிபுரியும் ரொஷேல், விடுமுறை முடிந்து புறப்படுமுன் வெள்ளவத்தைக்கு வந்தாள். இரத்தினம்மா கோயிலுக்குப் போயிருந்தார். தாளிற் சுற்றிய சிறு கலமொன்றை வரதராசாவின் கையில் வைத்து, “அம்மா மாங்காய்ச் சட்னி குடுத்து அனுப்பினாங்க அங்கிள். ஒண்டும் திருப்பி அனுப்ப வேணாமாம், கட்டாயம் சொல்லச் சொன்னாங்க” என்று கூறி, வானூர்தி நிலையத்துக்கு நேரமாயிற்றென்று ஓடிவிட்டாள்.

பெருமக்களே, நம்மவர் வீடுகளின் வழக்கம் நீங்கள் அறியாததன்று. பண்டம் கொண்டுவந்த கலத்தை வெறுமையாய்த் திருப்பமாட்டோம். பழமோ பலகாரமோ, ஒன்றுமில்லையேல் ஒரு கை சருக்கரையோ இட்டுத்தான் திருப்புவோம். ஆகவே கொடுப்பவர் எவரும் ‘ஒன்றும் திருப்பி அனுப்பவேண்டா’ என்று முகமனாய்ச் சொல்வதும், பெறுபவர் அதனைக் காதிற் போட்டுக்கொள்ளாமல் நிறைத்து அனுப்புவதும் காலங்காலமாய் நடப்பவை. வரதராசாவும் அதனை முகமன் என்றே கொண்டார். பின்னர்த் தாளைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே நாற்காலியில் இருந்துவிட்டார்.

நீலப் பளிங்கு. வெள்ளி மூடி. மூடியின் ஓரத்திலே கரண்டிக் காம்பு நுழைய ஒரு பிறை வெட்டு. அடியிலே, தாங்கியில் உள்ள அதே பட்டறை முத்திரை! ஐயையோ, அந்தச் சட்னி பட்ட பாட்டை என்ன சொல்வேன்? அந்நொடியே அது பழைய பழப்பாகுப் போத்தலொன்றுக்குக் குடிபெயர்ந்தது. சிமிழைக் கழுவித் துடைத்து, நான்காம் வளையத்தில் இறக்கினார். உறைக்குள் வாள்போல் அது சென்று அமர்ந்தது. மனைவியின் செருப்போசை கேட்கவே, எடுத்துத் துவாய்த் துணியிற் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் ஒளித்தார். ஏன் ஒளித்தார் என்பது அவருக்கே தெரியாது. இன்னும் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்பதே அப்போது அவர் நெஞ்சில் இருந்த எண்ணம்.

“மாக்ரெட் தன்ர நீலச் சிமிழில சட்னி அனுப்பியிருக்கிறா. வெறுஞ் சிமிழாத் திருப்பக் கூடாது, இரத்தினம். பொங்கலுக்கு ஏதும் வைச்சுக் குடுப்பம்” என்று மனைவியிடம் சொன்னார். முறையான பேச்சாகையால் அவரும் உடன்பட்டார்.

பொங்கல் நாளும் வந்தது. பொங்கற் புக்கையும் வடையுமாய் அகப்பையோடு நின்ற இரத்தினம்மா, “இஞ்சாருங்கோ, மாக்ரெட்டின்ர சிமிழைத் தாங்கோ. சூடு ஆற முன்னம் கொண்டு போகப் போறன்” என்றார்.

அந்த ஒரு கணத்தில் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவருடைய நாவோ வேறொன்றைச் சொல்லிற்று: “அது... கை தவறி உடைஞ்சு போச்சு. போன கிழமை. உமக்குச் சொல்லப் பயந்து குப்பையில போட்டிட்டன்.”

இரத்தினம்மாவின் கையிலிருந்த அகப்பை மெல்லத் தாழ்ந்தது. “அவள் முந்திச் சொன்னவள், அந்த நீலச் சிமிழ் அவளின்ர தாயின்ர சாமான் எண்டு. தாய் வீட்டிலயிருந்து அவளுக்கு மிஞ்சினது அது ஒண்டுதான். ஐயோ, நான் எந்த முகத்தோட அவளிட்டைப் போவன்?”

“வேற ஒண்டு தேடி வாங்கிக் குடுப்பம். அதுக்கேன் அழுகிறீர்?” என்றார் வரதராசா. தேறுதல் சொல்வதாய் எண்ணித்தான் சொன்னார். அந்தச் சொல்லே மனைவியைத் தெருவில் இறக்கியது. உப்புக் கிண்ணிக்கும் சுண்ணாம்புக் கிண்ணிக்கும் வேறுபாடு காணாத அந்த அம்மையார், தையிலும் மாசியிலும் பங்குனியிலும் குடையை எடுத்துக்கொண்டு, முழங்கால் நோவைப் பொருட்படுத்தாமல், புறக்கோட்டைச் சந்துகளிலும் காலி வீதிக் கடைகளிலும் நீலச் சிமிழ் கேட்டு ஏறி இறங்கினார். அதன் உயரம் என்ன, மூடி எத்தகையது என்று கணவரிடமே கேட்டு, சிறு தாளில் வரைந்தும் வைத்துக்கொண்டார். வரதராசாவும், கொடுமையைக் கேளுங்கள், எந்தக் கடையில் எந்தக் கிழமை புதுச் சரக்கு இறங்கும் என்று வழி சொல்லிக்கொடுத்தார். மனைவி படியிறங்கியதும் கதவைத் தாழிட்டு, துவாயைப் பிரித்து, சிமிழைத் தாங்கியில் வைத்து, நால்வளையமும் நிறைந்த அழகைக் கண்ணாரப் பருகினார். அதன் இணையைத் தேடி அவர் மனைவி வெயிலிலே அலையும் வேளைகளில் மட்டுந்தான் அதனை அவர் வெளியே எடுக்க முடிந்தது.

முதல் இரு முறை நெஞ்சு இனித்தது. அதன்பின் கசந்தது. ஆயினும் ஒரு பொய் ஒரு திங்கள் முதிர்ந்தபின் அதனைப் பிடுங்குவது எளிதா என்ன? நாளை சொல்வேன், நாளை சொல்வேன் என்று நாள்களைக் கழித்தார்.

மாக்ரெட் அம்மையாரிடமிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்தன. ஒளிரும் திரையில் அப்பெயரைக் காணுந்தோறும் இரத்தினம்மா கையைப் பின்னிழுத்துக்கொள்வார். “ஒண்டு கிடைக்கட்டும். கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு ஆறுதலாக் கதைக்கிறன்” என்பார். மாசியில் நாள்தோறும் வந்த அழைப்பு, பங்குனியில் கிழமைக்கு ஒருமுறை ஆயிற்று, பின்பு ஓய்ந்தது.

சித்திரையில் ஒரு முற்பகல், அதே எண்ணிலிருந்து மீண்டும் அழைப்பு வர, மனங்கேளாமல் இரத்தினம்மா எடுத்தார். பேசியவள் ஊர் திரும்பியிருந்த ரொஷேல். அம்மா போய்விட்டார் என்றாள். ஈரலில் வந்த புற்று. ஐப்பசியிலேயே தெரிந்திருந்தும் எவருக்கும் சொல்லவில்லையாம்.

கொட்டாஞ்சேனையில், பேராலயத்தை அடுத்த ஒழுங்கையில் இருந்த அச்சிறு வீட்டிலே, வெண்பட்டு விரித்த பெட்டியினுள் மாக்ரெட் அம்மையார் செபமாலை சுற்றிய கைகளோடு கிடந்தார். இரத்தினம்மா அவரைக் கண்டதும் பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கதறினார். “என்னை மன்னிச்சிடடி மாக்ரெட்! உன்ர அம்மாவின்ர சிமிழை நாங்கள் உடைச்சுப் போட்டம். அந்த வெக்கத்திலதானடி நான் வராமல் இருந்தனான்.”

ரொஷேல் திகைத்துப்போனாள். “அன்ரி, அத யாரு திருப்பிக் கேட்டது? அங்கிள்ட தாங்கியில ஒண்டு கொறையுதுன்னு பாத்துட்டு வந்து, அங்கிளுக்கே குடுத்துருன்னு அம்மா தந்தாங்க. நான் வெளிநாட்டுக்குப் போறவ, எனக்கு எதுக்கு. சேர வேண்டிய எடத்துல சேரட்டும்னு சொன்னாங்க. திருப்பி அனுப்ப வேணாம்னு அங்கிள்ட சொன்னேனே!” பிறகு, “நீங்க போன் எடுக்காததும் அம்மா பயந்துட்டாங்க. பழைய சாமானக் குடுத்து அன்ரிய அவமதிச்சிட்டேனோன்னு கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க” என்றாள்.

அங்கே பேசாதிருந்திருந்தால், உடைத்தவர் என்ற சிறு பழியோடு வரதராசா தப்பியிருக்கலாம். ஆயினும் மனைவி தம் பொய்யைச் சுமந்து பிணத்தின்முன் மன்னிப்புக் கேட்பதைக் கண்டு நிற்க அவரால் முடியவில்லை.

“அது உடையேல்லை, இரத்தினம்” என்றார்.

இரத்தினம்மா திரும்பிப் பார்த்தார். “என்ன சொல்லுறியள்?”

“உடையேல்லை. என்ர அலுமாரியில, மேல்தட்டில கிடக்கு.”

வைவார் என்று காத்திருந்தார். அடித்தாலும் ஏற்றுக்கொள்ளத் துணிந்து நின்றார். இரத்தினம்மாவோ பெட்டியின் பக்கம் திரும்பி, தோழியின் குளிர்ந்த கைமேல் தம் கையை வைத்து, வகுப்பறையில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் தாழ்ந்த குரலிலே, “நீ போனில கூப்பிட்டுக்கொண்டே இருந்தனீ. நான் மணி அடிச்சு முடியுமட்டும் பார்த்துக்கொண்டு இருந்தனான்” என்றார்.

அதன்பின், “நீங்கள் வீட்டை போங்கோ. நான் பிள்ளையோட இருந்திட்டு வாறன்” என்று கணவரை அனுப்பிவிட்டார்.

எட்டு நாள் கழித்து இரத்தினம்மா வீடு திரும்பினார். சமைத்தார்; பரிமாறினார்; கேட்டதற்கு ‘ஓம்’ என்றும் ‘இல்லை’ என்றும் விடை தந்தார். வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும், சோற்றுப் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குத் தனியே போய் வருகிறார். எங்கே இருந்து உண்கிறார் என்று வரதராசா கேட்டதில்லை; கேட்கும் உரிமை தமக்கு உண்டென்று அவர் எண்ணவுமில்லை. களவாடியவன் பொருளைத் திருப்பிக் கொடுத்தேனும் கரையேறலாம், பெருமக்களே. தமக்கென்றே அன்போடு தரப்பட்டதைத் தாமே களவாடிக்கொண்டவர் அதனை எவரிடம் திருப்பிக் கொடுப்பார்?