தோளைத் தொட்டவள்

எங்கள் வழக்கை எப்போது கூப்பிடுவார்கள் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் "இதோ, அடுத்தது நீங்கதான்" என்பார்கள். காலையிலிருந்து அந்த அடுத்தது வந்தபாடில்லை. வராந்தா பெஞ்சில் அண்ணியை உட்கார வைத்துவிட்டு நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். இந்த வழக்குக்காக லீவு கேட்டுக் கேட்டே துணிக்கடை சூப்பர்வைசரின் முகம் கோணிப்போயிருந்தது. வேலை போனாலும் போகட்டும், இன்றைக்கு இது முடிய வேண்டும்.

"ஒரு இடத்துல இரேன்டி. உன்னப் பார்த்து எனக்குத் தலை சுத்துது" என்றாள் அண்ணி.

அவள் கூண்டில் ஏறிச் சொல்லப்போகும் நாலு வார்த்தையில்தான் எல்லாமே இருந்தது. சாயங்காலம் சாவிக்கடையைப் பூட்டிக்கொண்டிருந்த என் அண்ணனை எவனோ ஒருவன் இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்து, பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அண்ணன் பிழைக்கவில்லை. ஊரில் யார் சாவியைத் தொலைத்தாலும் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுகிறவன் அவன். ஓடியவன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்ததை, கடை வாசலில் நின்ற அண்ணி பார்த்தாள். வேறு சாட்சி இல்லை. கம்பியும் கிடைக்கவில்லை, பையும் கிடைக்கவில்லை. போலீஸ் பிடித்து வைத்திருந்த ஒருவனை, பலரை வரிசையாக நிற்க வைத்த அடையாள அணிவகுப்பில் அண்ணி தோளைத் தொட்டுக் காட்டினாள். மொத்த வழக்கும் அந்த ஒரு தொடுதல்தான்.

அரசு வக்கீல் செருமிக்கொண்டே வந்தார். பேசுவதைவிட அதிகம் செருமுவதால் அவருக்கு நான் வைத்த பெயர் தொண்டை.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. கதை வேண்டாம். உங்க சாட்சியம்தான் நமக்கு எல்லாம்."

அண்ணி தலையாட்டினாள். அவர் போன பின், வேறு ஏதோ வழக்குக்காக ஒரு கைதியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தான். எனக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நடையைப் பாருங்க அண்ணி. ஷூ இவனை விட்டுட்டுத் தனியா ஓடிடும் போல."

கூட வந்த போலீஸ்காரர் காதில் அது விழுந்துவிட்டது. "லாக்கப்புல ஷூ நாடாவை உருவிடுவோம்மா, பெல்ட்டையும்தான். உள்ள தூக்கு மாட்டிக்கிட்டான்னா எங்க தலைதான் உருளும்!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நானும் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. எழுந்து என் கையைப் பிடித்து மாடிப்படி ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அவன் ஷூலயும் நாடா இல்லடி."

"எவன் ஷூல?"

"நான் தொட்டேனே, அவன். எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை போட்டு நிக்க வச்சிருந்தாங்க. மூஞ்சியப் பார்த்தா ஒண்ணும் பிடிபடல. பயத்துல குனிஞ்சேன். ஒருத்தன் ஷூ மட்டும் வாயப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு. இவன் மட்டும் என்னவோ வேற மாதிரி இருக்கானேன்னு தோணுச்சு. அப்புறம் நிமிர்ந்து பார்த்தா, அவனேதான்னு பட்டுச்சு."

"பட்டுச்சுல்ல? அதோட விடுங்க."

"மத்தவங்க எல்லாம் தெருவுல போனவங்க, சும்மா கூப்பிட்டு நிக்க வச்சது. இவன் ஒருத்தன்தான் லாக்கப்புல இருந்து வந்தவன். நான் கைதியக் கண்டுபிடிச்சிருக்கேன்டி. உங்க அண்ணனை அடிச்சவனை இல்ல."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. சட்டையை மாற்றத் தெரிந்த மடையர்களுக்குக் காலைப் பார்க்கத் தெரியவில்லையே என்று முதலில் போலீஸ் மேல் வந்த கோபம், அப்படியே அண்ணி மேல் திரும்பியது.

"யோக்கியனையா பிடிச்சுட்டு வந்திருப்பாங்க? ஏற்கெனவே திருட்டுக் கேசுல உள்ள போனவன்தானே? பேசாம வந்து கையைக் காட்டுங்க. எங்க அண்ணன் செத்தது உங்களுக்கு அவ்வளவு லேசாப் போச்சா?"

சொன்ன பிறகுதான் 'எங்க அண்ணன்' என்று பிரித்துச் சொன்னது எனக்கே உறைத்தது. அண்ணி என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளே எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் அண்ணி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொண்டை கேட்டார், அவள் சொன்னாள். அவள் தெருப் பேச்சில் சொல்வதை நீதிபதி அம்மா அலுவல் தமிழாக்கித் தட்டச்சு செய்பவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அணிவகுப்புல யாரைக் காட்டினீங்க?"

"அதோ நிக்கறாரே, அவரை."

"எதிரியை நான் அடையாளம் காட்டினேன்" என்றார் நீதிபதி. கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர். தட்டச்சுச் சத்தம் கேட்டது. நான் மூச்சு விட்டேன்.

எதிர்த்தரப்புக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்திருந்த வக்கீல் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு எழுந்தார். தெருவிளக்கு எரிந்ததா என்றார். எரிந்தது என்றாள். கண்ணில் குறை உண்டா என்றார். இல்லை என்றாள். "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். கேட்க வேண்டியவரே கேட்கவில்லை, இனி யாருக்கு என்ன என்று என் மனசு உள்ளுக்குள் குதித்தது.

"நீங்க இறங்கலாம்மா" என்றார் நீதிபதி.

அண்ணி இறங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கண்ணாலும் கெஞ்சினேன்.

"அம்மா, நான் இன்னும் ஒண்ணு சொல்லணும்."

தொண்டை பலமாகச் செருமினார். நீதிபதி கையைக் காட்டி அவரை அடக்கினார். அண்ணி ஷூவைப் பற்றிச் சொன்னாள். நடுவில் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. தூங்கிவழிந்த இலவச வக்கீல் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, அடிச்சவர் இவர் இல்லைன்னு சொல்றீங்களா?" என்றார் நீதிபதி.

"தெரியலம்மா. இவரா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அன்னைக்குப் பார்த்த மூஞ்சிய இப்ப நினைச்சாலும் இவர் மூஞ்சிதான் வருது. இவரையே பார்த்துப் பார்த்து, அந்த மூஞ்சி அழிஞ்சு போச்சு."

இதை மட்டும் நீதிபதி அலுவல் தமிழாக்கவில்லை. "அவங்க சொன்னதை அப்படியே அடிங்க" என்றார். எதிரிக்கூண்டில் இருந்தவன் கம்பியைப் பிடித்தபடி குந்தி உட்கார்ந்து விசும்பினான். அவன் அழுததைப் பார்க்க எனக்கு இன்னும் வயிறு எரிந்தது.

வெளியே வந்ததும், எங்கள் வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் எங்களைத் தாண்டிப் போனார். அண்ணி அவரை மறித்து, "சார், இனிமே வேற ஆளைத் தேடுவீங்கள்ல?" என்று கேட்டாள்.

"எந்த மூஞ்சிய வச்சுத் தேடச் சொல்றீங்கம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

பஸ் நிறுத்தம் வரை நான் அவளோடு பேசவில்லை. பேசினால் மறுபடி ஏதாவது பிரித்துப் பேசிவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவள் எதிரே வருகிற ஒவ்வொரு ஆணையும் ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். பால்காரர், ஆட்டோக்காரர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர், ஒருவரையும் விடவில்லை. அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவளை மன்னிக்க முடியவில்லை.

பஸ்ஸில் நல்ல கூட்டம். அண்ணியின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, ஜன்னலோரம் இருந்த ஒருவன் எழுந்து, "உட்காருங்கக்கா" என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சங்கடப்பட்டு லேசாகச் சிரித்தான். "பரவால்ல, உட்காருங்க" என்றான் மறுபடியும். நானும் பார்த்தேன். நல்ல மனிதன்போலத்தான் இருந்தான். அன்றைக்கு ஓடியவனாகவும் இருக்கலாம்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உதறவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, வீடு வரை நடந்தே போனோம்.