ஓவனா, ஹீட்டரா

தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவள் விக்னேஸ்வரி. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அடுப்படியில் நிற்க வேண்டும். அதனால்தான் கூட வேலை செய்யும் நவமணி சொன்ன மெக்சிக்கோ சாப்பாடு அவள் மனத்தில் அப்படி ஒட்டிக்கொண்டது.

“எல்லாத்தையும் அடுக்கி ஓவன்ல வச்சிட்டா அதுவே வெந்துரும்லா. நீ காலை நீட்டி உக்காந்துக்க” என்றிருந்தாள் நவமணி.

காலை நீட்டி உட்காரலாம். அந்த ஆசையில்தான் புதன்கிழமை வேலை முடிந்ததும் பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் சீஸும் டின் பீன்ஸும் வாங்கி வந்தாள். அரைத்த கோழியை வெங்காயம், தக்காளி, சீரகத்தூளோடு வதக்கினாள். மெக்சிக்கோ ரொட்டி கடையில் இல்லை. காலையில் மிஞ்சிய சப்பாத்தியைத் தட்டில் பரப்பி, அதன்மேல் கோழி, பீன்ஸ், சோளம், மறுபடி சப்பாத்தி என்று அடுக்கி, சீஸைத் துருவிக் கொட்டி ஓவனுக்குள் தள்ளினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சீஸ் உருகத் தொடங்கிய நேரம், பட்டென்று வீடே இருண்டது.

குளியலறையிலிருந்து மாமனார் காளிமுத்துவின் குரல் வந்தது. “என்னாம்மா, லைட்டும் போச்சு, தண்ணியும் சில்லுனு வருது?”

தோட்டத்து லைன் வீட்டு மின்சாரம் ஓவனையும் குளியலறைச் சுடுதண்ணி ஹீட்டரையும் சேர்ந்தாற்போல் தாங்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“மாமா, ஹீட்டர அடச்சிருங்க. ஓவன் போட்டிருக்கேன்.”

“சோப்பு போட்டுட்டேனேம்மா!”

மலைக்குளிரில் சோப்பு நுரையோடு மனிதரை நிறுத்தி வைக்க முடியுமா? ஓவனை அணைத்து, மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டு, அவர் குளித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அதற்குள் உருகிய சீஸ் தோல் கட்டிவிட்டது. மறுபடி ஓவனைப் போட்டு உட்கார்ந்தால் மறுபடியும் இருட்டு. இந்த முறை மகள் அன்பரசி. பள்ளி விளையாட்டுப் பயிற்சி முடிந்து வந்தவள், யாரிடமும் கேட்காமல் குளியலறைக்குள் புகுந்துவிட்டாள்.

அடுத்த முறை ஓவனைப் போட்டதும், விக்னேஸ்வரி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறை வாசலில் போட்டு உட்கார்ந்தாள்.

அந்நேரம் பார்த்துத்தான் அவள் கணவன் குணாளன் வந்தான். திரிங்காப் காய்கறித் தோட்டத்தில் கொட்டும் மழையில் லோரிக்கு முட்டைக்கோஸ் ஏற்றிவிட்டு வந்தவனுக்கு உடம்பெல்லாம் சேறு, பற்கள் தந்தியடித்தன.

“தள்ளு விக்கி, குளிச்சிட்டு வந்துர்றேன்.”

“முடியாது.”

“குளுருதுடி!”

“சாப்பாடு வேணுமா, சுடுதண்ணி வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. காலையிலருந்து நின்னுட்டு வந்து, செத்த நேரம் உக்காரலாம்னு செஞ்சேங்க இத. யாராச்சும் உக்கார விட்டீங்களா?”

குரல் உடைந்துவிட்டது. போயும் போயும் சீஸுக்காகவா அழுகிறோம் என்று நினைக்க, எரிச்சல் இன்னும் கூடியது.

குணாளன் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓவன் முன்னால் குத்தவைத்துக் குளிர் காய்ந்தான்.

ஒருவழியாகத் தட்டு வெளியே வந்தபோது ஓரமெல்லாம் கருகி, நடுவில் சப்பாத்தி ஊறிக் கூழாகியிருந்தது. ருசி என்னவோ மோசமில்லை. அன்பரசி இன்னொரு தரம் போட்டுக்கொண்டாள். காளிமுத்துவும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“நல்லாத்தான் இருக்கு. சோறு எங்கம்மா?”

விக்னேஸ்வரி எழுந்திருக்கவில்லை. குணாளனைப் பார்த்தாள். அவன் சேறு காய்ந்த காலோடு எழுந்து போய் அரிசி டின்னைத் தேட ஆரம்பித்தான்.

“மேல் தட்டுலயா, கீழயா?”

அவள் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தாள்.