கஸ் இப்போதுதான் போனார்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, 'பழைய பிரித்தானிய பப் ஒன்றுக்கு ஏன் போக வேண்டும்' என்று எழுதித் தரச் சொன்னார்கள். ரொறன்ரோவுக்கு வருமுன் நான் சில வருடம் இங்கிலாந்தில் இருந்தவள். அந்தத் தகுதி போதும் என்று நினைத்திருப்பார்கள்.

எழுதத் தொடங்கினேன். நல்ல பப்பில் பெரிய தொலைக்காட்சி இருக்காது. பியர் பல் கூசும் குளிரில் வராது. கதிரைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருக்கும். ஒரு கிளாசை வைத்துக்கொண்டு பின்னேரம் முழுக்க இருந்தாலும் யாரும் வந்து முகம் சுளிக்க மாட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பப்பை நடத்துகிறவருக்கு உங்கள் பெயரும் நீங்கள் குடிப்பதும் தெரிந்திருக்கும். அதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்காது.

இந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கௌசிக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் இருவரும் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில், முன்மேசையில் வேலை செய்கிறோம். கௌசியின் கணவர் அகஸ்ரின் போன வருடம் மாசி மாதம் மாரடைப்பில் இறந்துபோனார். சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்த அவளுடைய கை நின்றது.

"உது சரி அக்கா," என்றாள். "அதுக்கு மேல அவையளுக்கு ஒண்டும் தெரியாது."

கட்டுரை அதோடு நின்றுபோயிற்று.

2

[முதல் தொடக்கம்] மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, வெக்ஸ்போர்டில் ஒரு பெண் தனியாக—

வேண்டாம். மழை வந்தால் நீங்கள் பேயைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள். தவிர, அன்றைக்கு நல்ல வெயில் என்று கௌசி சொன்னாள்.

[இரண்டாம் தொடக்கம்] அகஸ்ரின் ஒருநாளும் மது குடித்ததில்லை என்று கௌசி நம்பியது சரிதான். ஆனால்—

இதுவும் அவசரப்படுகிறது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

விட்பியில் இருக்கும் வீட்டை விற்றுவிடலாம் என்று கௌசி யோசித்துக்கொண்டிருந்தாள். அது விஷயமாக ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் அவளுக்கு வாஷ்ரூம் போக வேண்டியிருந்தது. (இதை எழுத வேண்டாம் என்று சொன்னாள். ஆனால் கதையில் நான் முழுதாக நம்புகிற ஒரே காரணம் இதுதான்.) பக்கத்துப் பிளாசாவில், ஒரு மளிகைக் கடைக்கும் லாண்டரிக்கும் நடுவில் அந்தப் பப் இருந்தது. தயங்கித் தயங்கி உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது சுவரில் ஒரு படம் பார்த்தாள். டார்ட்ஸ் விளையாடும் குழு ஒன்று தோளோடு தோள் நின்றது. நடுவில் அகஸ்ரின். கையில் மதுவில்லாத இஞ்சிபியர் போத்தல், முகம் நிறையச் சிரிப்பு. சனிக்கிழமைகளில் வெயர்ஹவுசில் ஓவர்டைம் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு போனவர்.

"உந்தச் சிரிப்பை நான் வீட்டில கண்டதில்லை அக்கா."

அவள் படத்தின் முன் நிற்பதைப் பார்த்துப் பப் நடத்தும் மொறீன் வந்தாள். இங்கிலாந்தில் லீட்ஸில் பிறந்தவள், எழுபதை நெருங்கியவள். நீங்கள் கஸ்ஸின் மனைவிதானே என்று கேட்டாள். அகஸ்ரினை அங்கே கஸ் என்றுதான் கூப்பிடுவார்களாம். கௌசியின் படத்தைப் போனில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். பிறகு மொறீன் வாசலைப் பார்த்து, அடடா, கஸ் இப்போதுதான் போனார், கதவடியில் நீங்கள் ஒருவரையொருவர் கண்டிருக்க வேண்டுமே என்றாள்.

கணப்புக்குப் பக்கத்து மேசையில் பாதி குடித்த இஞ்சிபியர் இருந்தது. அதிலிருந்த ஐஸ் இன்னும் கரைந்திருக்கவில்லை.

3

இந்த இடத்தில் நான் கௌசியை நம்பவில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைக் காண்பார்கள் என்று, கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக, ஒரு பந்தி எழுதினேன். பிறகு வெட்டிவிட்டேன். அதை அவளே எனக்கு முன்பு யோசித்திருந்தாள். வெள்ளைக்காரருக்கு எங்கள் ஆம்பிளைகள் எல்லோரும் ஒரே முகம், மொறீன் வேறு யாரையோ சொல்கிறாள் என்றுதான் அவளும் நினைத்தாளாம்.

ஆனால் அவள் வெளிக்கிடும்போது மொறீன் இன்னொன்றும் சொன்னாள். வீட்டுப் பேஸ்மென்டில் சுடுதண்ணித் தாங்கி ஒழுகுகிறது, கௌசி பார்க்கிறாளோ தெரியவில்லை என்று கஸ் கவலைப்பட்டாராம்.

செத்த வீட்டுக்குப் பிறகு கௌசி பேஸ்மென்டுக்கு இறங்கவேயில்லை. அன்று இறங்கினாள். தாங்கியின் அடியில் தரை ஈரமாக இருந்தது.

(பழைய தாங்கி. தானாகவும் ஒழுகும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.)

அவர் இறந்துவிட்டார் என்று மொறீனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கௌசி சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

"எல்லாருக்கும் சொன்னனாங்கள் அக்கா. ரேடியோவில போட்டம், பேப்பரில போட்டம், லண்டன், பரிஸ் எண்டு விடிய விடியப் போன் எடுத்தம். அந்த ஒரு இடத்துக்குத்தான் சொல்லேல்லை. எங்களுக்கு அப்பிடி ஒரு இடம் இருக்கெண்டே தெரியாது." பெட்டியைப் பைக்குள் வைத்தாள். "சொல்லாத இடத்துக்கு அவர் வாறார்."

அன்று பின்னேரம் வந்த நோயாளிகளின் பெயர்களையெல்லாம் நான் பிழையாகக் கூப்பிட்டேன்.

4

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கௌசி அங்கே போகத் தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் அவர் சற்று முன்தான் போயிருப்பார். கதிரையில் கை வைத்தால் சூடு இருக்கும். ஒருநாள் கதவு திறக்கும் நேரத்துக்கே போய் அவருடைய மேசையில் இருந்துவிட்டாள். மத்தியானம் தாண்டியது. மொறீன் ஒரு துணியோடு வந்து, துடைக்கத் தேவையில்லாத மேசையைத் துடைத்தபடி சங்கடத்தோடு சொன்னாள்: கஸ் ஜன்னலடிக்கு வந்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

கௌசி அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. மகன் ராகுலன் தகப்பனோடு கோபித்துக்கொண்டு கல்கரிக்குப் போன பிறகு வீட்டில் இருவருக்கும் கதைக்க எதுவும் இருக்கவில்லை. இருந்ததெல்லாம் யார் பிழை என்ற ஒரே கதைதான். அதிலிருந்து தப்பத்தான் அவர் இங்கே வந்திருக்கிறார். செத்த பிறகும் அவளிடமிருந்து தப்பிக்கொண்டிருக்கிறார்.

நல்ல பப்பில் உங்களை யாரும் தேடி வருவதில்லை. கட்டுரையில் இதை ஒரு சிறப்பாக எழுதியிருந்தேன். இப்போது அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

"இந்தச் சனி மொறீனுக்குச் சொல்லப் போறன்," என்றாள் கௌசி. "செத்திட்டார் எண்டு சொல்லிப்போட்டு வாறன். நீங்களும் வாங்கோ."

5

ஆடி மாத வெயிலிலிருந்து உள்ளே போனோம். கண் பழகக் கொஞ்ச நேரம் எடுத்தது. மங்கிய கம்பளம், மண்ணிற வெளிச்சம், எங்கோ பின்னால் டார்ட்ஸ் பலகையில் அம்பு குத்தும் சத்தம். நான் எழுதிய அத்தனை லட்சணங்களும் அங்கே இருந்தன. உண்மையிலேயே நல்ல பப். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அங்கே வெளியே போகவேண்டும் என்று தோன்றாது.

இந்தக் காட்சிக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

[அ] கௌசி சொல்லிவிடுகிறாள். டார்ட்ஸ் சத்தம் நிற்கிறது. கணப்புப் பக்கத்துக் கதிரை மெல்ல— 

நன்றாகத்தான் வந்தது. ஆனால் பொய்.

[ஆ] கதவு திறக்கிறது. அகஸ்ரின் உள்ளே வருகிறார். அவருடைய முகம்— 

அந்த முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

நடந்தது இதுதான். கௌசி வாய் திறக்குமுன் மொறீன் அவளுடைய தோளில் கை வைத்து, கஸ்ஸுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். கொஞ்ச நாளாக முகம் சரியில்லை, குளிர்கிறது குளிர்கிறது என்று கணப்பை மூட்டச் சொல்கிறார், இந்த வெயிலில் யார் கணப்பு மூட்டுவார்கள் என்றாள்.

கௌசி மொறீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவர் சுகமாக இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். முந்தியும் குளிர் தாங்க மாட்டார் என்றாள். கிளினிக்கின் ஏசிக்காகக் கொண்டுவரும் தன்னுடைய கம்பளிச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து, அவருடைய கதிரையின் முதுகில் போட்டு, இரண்டு கையாலும் நீவிவிட்டாள். இனி நான் வரமாட்டேன், அவர் ஆறுதலாக வந்து இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள்.

மொறீன் வேறு எதுவும் கேட்கவில்லை. நல்ல பப்பில் கேட்க மாட்டார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் கௌசி என் கையைப் பிடித்தாள்.

"நீங்கள் உள்ள போய் இருங்கோ அக்கா. கொஞ்ச நேரம். ஆரும் வருகினமோ எண்டு பாருங்கோ." சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "பாத்தா எனக்குச் சொல்லாதேங்கோ. பாக்காட்டிலும் சொல்லாதேங்கோ."

6

கௌசி வீட்டை விற்றுவிட்டாள். பிக்கரிங்கில் தங்கையின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ராகுலன் போன் எடுக்கிறான். இப்போது நித்திரை வருகிறது என்கிறாள். சங்கத்துக்கு நான் பனிக்காலத் தோட்டம் பற்றி ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்று நான் உள்ளே திரும்பிப் போனேன். கதிரை தெரியும்படி ஒரு மூலையில் இருந்தேன். பிறகு

அவ்வளவுதான். அந்த வாக்கியத்தைப் பல தடவை எழுதி, பல தடவை அழித்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் இந்தக் கதையை எழுதியதால் ஒரு காரியம் நடந்துவிட்டது. அகஸ்ரின் இறந்தது இப்போது உங்களுக்கும் தெரியும். அந்தப் பப்பில் தமிழ் வாசிக்கிறவர்கள் இல்லை. நீங்கள் வாசிக்கிறீர்கள். வெக்ஸ்போர்ட் பக்கம் என்றைக்காவது போவீர்கள். வெயில் தாங்காமல் உள்ளே நுழைவீர்கள். வயதான பெண் ஒருத்தி உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்களும் கஸ்ஸின் ஆட்களா, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பாள். கணப்புப் பக்கத்தில் ஒரு கதிரை கொஞ்சம் பின்னால் தள்ளியிருக்கும்.

நீங்கள் சொல்லப்போகும் பதிலில்தான் இந்தக் கதை முடிகிறது. அதை நான் கேட்க மாட்டேன். கதிரையில் இருப்பவர் கேட்பார்.